தோட்டப் பாடசாலைக்குப் போகும் புதிய ஆசிரியரின் கைமுதல்

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆரம்பப் பிரிவு ஆசிரியராக, அதாவது தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளுக்குக் கற்பிப்பவராக, முதல் நியமனம் பெற்றுச் செல்லும் ஒருவரிடம் கற்பித்தல் சாதனங்களே இல்லையென்று இன்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பாடநூல்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் கதைப் புத்தகங்களும் தமிழிலேயே, காசு கொடுக்காமலேயே, கைபேசியில் இறக்கிக்கொள்ளும் நிலையில் இருக்கின்றன. அவற்றுக்கும் வகுப்பறைக்கும் இடையில் நிற்பவை வேறு: மலைச்சரிவில் அறுந்து அறுந்து வரும் அலைவரிசை, தாளின் விலை, இன்னொரு நாட்டின் பாடத்திட்டத்துக்காக வரையப்பட்ட படங்கள், இவை எல்லாவற்றையும் விட, இரண்டு மூன்று தரங்களை ஒரே நேரத்தில் ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. ஆகையால் எந்தச் சாதனமானாலும், அது இணையத்தில் கிடைத்ததோ கடையில் வாங்கியதோ தோட்டத்தில் பொறுக்கியதோ, அதன் பெறுமதியை ஒரு கேள்வியால் அளந்துவிடலாம்: ஆசிரியர் தரம் 4 பிள்ளைகளின் முன் நிற்கும்போது, தரம் 3 பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் தாங்களாகவே வேலை செய்வார்களா?

இரு தரங்களோ அதற்கு மேற்பட்ட தரங்களோ ஓர் ஆசிரியரிடம் ஒன்றாக அமர்ந்து கற்பதைப் பல்தரக் கற்பித்தல் என்று கல்வியியலாளர் அழைக்கின்றனர். பிள்ளைகளின் தொகை குறைந்த பாடசாலைகளில் இது எப்போதாவது நேரும் இடையூறன்று, அன்றாட நடைமுறை. தரம் 5 வரை மட்டுமே கொண்ட சிறிய பாடசாலைகள் இலங்கையின் வகைப்பாட்டில் பெரும்பாலும் வகை 3 என்ற பிரிவுக்குள் அடங்குகின்றன. தோட்டப் பாடசாலைகளில் கணிசமானவை இந்தப் பிரிவைச் சேர்ந்தவை. நுவரெலியாவைப் போலத் தொடர்ச்சியாகத் தமிழ்த் தோட்டங்கள் பரந்து கிடக்கும் நிலப்பரப்பும் சப்ரகமுவவில் இல்லை. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட என்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுகள் போல் சிதறிய தோட்டங்களில், ஒரு தமிழ்மொழிப் பாடசாலைக்கும் அடுத்த தமிழ்மொழிப் பாடசாலைக்கும் இடையில் பல மைல்கள் கிடக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ஓர் அட்டையைக் கடன் வாங்குவது என்ற எளிய வசதிகூட இங்கே பலருக்கு இல்லை.

இந்த நிலைமைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. அதன் விளைவாகத் தோன்றியவை பெரும்பாலும் ஒரே அறையும் ஒரே ஆசிரியரும் கொண்ட பள்ளிகளே. 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வியின் பயன் நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்த பின்னரும், தோட்டப் பள்ளிகள் நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. 1970களில் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தத்தின் பின்னரே அவை படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. 1980களில் சுவீடனின் உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. பெருந்தோட்டக் கல்வியின் அரசியல் பொருளாதாரத்தை ஆராய்ந்த அஞ்செலா லிற்றில் 1999 இல் வெளியிட்ட நூல் இந்த மாற்றங்களை விரிவாகப் பதிவு செய்துள்ளது. அதன் பின்னரும் ஆசிரியர் பற்றாக்குறை தீரவில்லை. 2014, 2015 ஆம் ஆண்டுகளையொட்டிப் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென ஆசிரிய உதவியாளர்கள் சேர்க்கப்பட்டபோது அவர்களுக்குத் தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பின்னர் அது 10,000 ஆயிற்று. அந்தத் தொகையிலிருந்துதான் பிரிஸ்டல் அட்டையும் பேஸ்டலும் வாங்கப்பட்டன என்பதை, தோட்டப் பாடசாலைகளின் சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன என்று குறைபடுவோர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இணையத்தில் எதை முதலில் இறக்குவது

புதிய ஆசிரியர்கள் பொதுவாக இணையத்தில் நுழைந்ததும் பயிற்சித் தாள்களையே தேடுகின்றனர். அது தலைகீழான வரிசை. முதலில் கையில் இருக்க வேண்டியது மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டி. 1985 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டதும் பாடத்திட்டத்தை வகுப்பதுமான இந்த நிறுவகம், ஒவ்வொரு தரத்துக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய வழிகாட்டிகளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு பாடத்தின் முடிவில் பிள்ளை எதைச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதைத் தேர்ச்சி என்றும், எல்லாப் பிள்ளைகளும் தவறாமல் எட்ட வேண்டியவற்றை அத்தியாவசிய கற்றல் தேர்ச்சி என்றும் இவ்வழிகாட்டிகள் பெயரிடுகின்றன. ஆரம்பப் பிரிவு தரம் 1, 2 ஒரு நிலை, தரம் 3, 4 அடுத்த நிலை, தரம் 5 இறுதி நிலை என மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டிருப்பது பல்தர வகுப்பு ஆசிரியருக்கு உண்மையில் ஒரு கொடை. தரம் 3, 4 இரண்டும் ஒரே நிலைக்குள் வருவதால், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தில் ஒரே கருப்பொருளை இரு தரத்துக்கும் சேர்த்து எடுத்து, எழுத்து வேலையை மட்டும் வேறுபடுத்தலாம். வழிகாட்டியைப் படிக்காதவருக்கு இந்த வாசல் இருப்பதே தெரியாது.

அடுத்தது பாடநூல். இலங்கையில் 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அவற்றைத் தன் தளத்திலும் வைத்திருக்கிறது. அச்சிட்ட நூல் கையில் இருக்கும்போது எதற்கு இதை இறக்க வேண்டுமென்று தோன்றலாம். தவணை நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கும், வெள்ளத்தில் புத்தகப் பையைப் பறிகொடுத்த பிள்ளைக்கும் உடனே தேவைப்படுவது அந்த வாரத்துக்குரிய நான்கு பக்கங்கள்தான். அவை கைபேசியில் இருந்தால் நகரத்துப் போட்டோப்பிரதிக் கடையில் சில நிமிட வேலை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் பாடங்களையும் வினாத்தாள்களையும் தரவாரியாகத் தொகுத்திருக்கிறது. 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் நேத்ரா தொலைக்காட்சியில் தமிழில் ஒளிபரப்பான குரு கெதர நிகழ்ச்சியின் பாடங்களையும் இவ்வரிசையில் சேர்க்கலாம், ஆனால் அவை பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுவதற்கு என்பதைவிட, ஒரு கருத்தை அனுபவமுள்ள ஆசிரியர் எப்படிப் படிப்படியாக விளக்குகிறார் என்று புதியவர் பார்த்துக் கற்பதற்கே அதிகம் உதவும்.

வாசிப்புக்கு வரும்போதுதான் இணையம் தன் முழுக் கையையும் நீட்டுகிறது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் வாசிப்பு மட்டத்தின்படி அடுக்கப்பட்டுள்ளன. முதல் மட்டத்தில் பக்கத்துக்கு ஒரு சிறு வாக்கியமும் ஒரு பெரிய படமும் இருக்கும். மட்டம் ஏற ஏற வாக்கியங்கள் நீள்கின்றன. இந்தத் தளத்தின் உண்மையான பலம் அதன் உரிமத்தில் இருக்கிறது. படைப்பாளர் பெயரைக் குறிப்பிட்டால் போதும், எவரும் அச்சிடலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் ஏற்பாட்டைத் திறந்த உரிமம் என்பர். ஆகவே தமிழகத்துப் பிள்ளைக்காக எழுதப்பட்ட கதையில், படத்தை அப்படியே வைத்துக்கொண்டு வாக்கியங்களை மட்டும் தோட்டத்துப் பிள்ளைக்குப் பழக்கமான சொற்களில் திருத்தி, புதிய பதிப்பாகவே அங்கே சேமித்துவிடலாம். ரூம் டு ரீட் அமைப்பும் தனது இணைய நூலகத்தில் தமிழ், சிங்களச் சிறுவர் நூல்களை இலவசமாக வைத்திருக்கிறது. 2005 முதல் இலங்கையில் இயங்கி வரும் அமைப்பு என்பதால், அதன் கதைகளில் வரும் வீடும் வீதியும் நம் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தெரிவதில்லை.

2005 இல் தொடங்கிய நூலகம் என்ற தன்னார்வ எண்ணிம நூலகம், ஈழத்து எழுத்துகளோடு மலையக வெளியீடுகளையும் பெருந்தொகையில் சேமித்து வைத்திருக்கிறது. இது வகுப்பறைக்கு நேரே கொண்டுபோகும் சரக்கன்று, ஆசிரியரின் சொந்த வாசிப்புக்கான களஞ்சியம். இருப்பினும் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்தது போன்ற மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தேடிப் படிக்கும் ஆசிரியர், லயத்தில் பாட்டி பாடும் தாலாட்டும் வகுப்பில் ஓசைநயம் கற்பிக்கும் பாடப்பொருளாகும் என்பதை விரைவில் கண்டுகொள்வார்.

தமிழகத்து வளங்களில் எச்சரிக்கை வேண்டும். அங்கே 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்களும் அட்டைகளும் அழகானவை, மொழியும் நம்முடையதே. ஆனால் கணிதத் தாளில் இருக்கும் நாணயம் இந்திய நாணயம், பருவகாலப் படத்தில் இருக்கும் மழை அந்த நாட்டு மழை, பாட ஒழுங்கும் வேறு. பத்துத் தாள்களை அப்படியே அச்சிட்டுக் கொடுத்த பின்னர், இந்தக் காசு எங்கே கிடைக்கும் என்று ஒரு பிள்ளை கேட்கும்போதுதான் தவறு தெரியவரும். எண், எழுத்து, வடிவம் ஆகியவற்றுக்கான தாள்களை அங்கிருந்து தயங்காமல் எடுக்கலாம்; பணம், சுற்றாடல், சமூகம் ஆகியவற்றை உள்ளூரிலேயே உருவாக்குவதுதான் பாதுகாப்பு. கேகாலை மாவட்டத்துப் பிள்ளை கையில் பிடித்திருக்கும் பென்சிலின் நடுவிலுள்ள காரீயம், அதே மாவட்டத்தின் போகலைச் சுரங்கத்தில் தோண்டி எடுக்கப்படும் பொருள் என்ற பாடத்தை எந்த வெளிநாட்டுத் தாளும் தரப்போவதில்லை.

அலைவரிசையைப் பொறுத்தவரை, தோட்டத்தில் நின்றுகொண்டு இணையத்தைத் தேடுவது என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். வார இறுதியில் நகரத்திலோ வீட்டிலோ இறக்கி, வாரம் முழுவதும் இணைப்பின்றிப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஒத்தது. இறக்கும்போது கோப்பின் பெயரை அப்படியே விடாமல், தரம், பாடம், தவணை என்று மாற்றிச் சேமிக்காவிட்டால் இரண்டு மாதத்தில் கைபேசி ஒரு குப்பைமேடாகிவிடும். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி, தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு இணைப்பே இல்லாமல் தேட உதவுகிறது. யானைக்கு எத்தனை பற்கள் என்று கேட்கும் தரம் 3 பிள்ளைக்குப் பதில் சொல்ல இதைவிட மலிவான வழி இல்லை.

எழுத்துருவும் ஒரு தொல்லை. இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளின் வினாத்தாள்கள் நெடுங்காலமாகப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகின்றன. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் மட்டுமே தெரியும். எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறிமுறையான யுனிகோடுக்கு அதை மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மற்றவருக்கு அனுப்பும் கோப்பை ஒருமுறை மாற்றி, பீ.டி.எஃப். வடிவில் அனுப்புவது வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை ஆசிரியருக்கும் செய்யும் உபகாரம். புதிதாகத் தட்டச்சு செய்வோர்க்குப் பாலூ தம்பி போன்ற பருத்த, வளைவான யுனிகோடு எழுத்துருக்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிறு பிள்ளைகளின் கண்ணுக்கு அவை ஏற்றவை.

மூன்று சாளர அட்டை

எழுத்துச் சக்கரம் என்ற பெயரில் இணையத்தில் பரவியிருக்கும் ஒரு சாதனம் தமிழுக்கு ஏன் பொருந்துவதில்லை என்பதைச் சற்று நின்று பார்ப்பது பயனுடையது. இரண்டு வட்ட அட்டைகளை நடுவில் ஓர் ஆணியால் பொருத்தி, ஒன்றைச் சுழற்றினால் எழுத்துகள் சேர்ந்து அசையாகும் என்பது அதன் அமைப்பு. எழுத்துகள் இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஆங்கிலத்துக்கு அது சரிவரும். தமிழ் உயிர்மெய்யிலோ உயிரின் குறி நான்கு விதமாக நிற்கிறது: கா என்பதில் வலப்பக்கம், கெ, கே, கை என்பவற்றில் இடப்பக்கம், கொ, கோ, கௌ என்பவற்றில் இருபக்கமும், கி, கீ, கு, கூ என்பவற்றில் எழுத்தோடு ஒட்டியே. சக்கரத்தால் இதைக் காட்ட முடியாது.

இதற்குப் பொருத்தமானது மூன்று சாளரம் வெட்டிய ஓர் அட்டையும் அதனுள் மேலும் கீழும் நகரும் மூன்று பட்டிகளும். நடுப்பட்டியில் க முதல் ன வரையான 18 எழுத்துகள். இடப்பட்டியில் ஒரு வெற்றிடம், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரத்தின் இணைக்கொம்பு. வலப்பட்டியில் ஒரு வெற்றிடம், கால், ஔகாரத்தின் கொம்புக்கால். இடமும் வலமும் சேர்ந்து 12 சேர்க்கைகள் உண்டாகும். அவற்றுள் எட்டு மட்டுமே தமிழில் உள்ளவை: அகரம், ஆகாரம், எகரம், ஏகாரம், ஐகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம். 18 எழுத்தோடு எட்டைப் பெருக்கினால் 144 உயிர்மெய்கள் ஒரே அட்டையில் அடங்கிவிடுகின்றன. எஞ்சிய இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் 72 எழுத்துகளுக்கும், குறிப்பாக வடிவமே மாறிப்போகும் உகர ஊகாரங்களுக்கு, தனித்தனி அட்டை வேண்டும். புள்ளி வைத்த 18 மெய்களும் அப்படியே. தமிழில் இல்லாத நான்கு சேர்க்கைகள்தாம் இந்த அட்டையின் சுவை. இடப்பக்கம் வெற்றிடமும் வலப்பக்கம் கொம்புக்காலும் வந்தால், பிள்ளை அதைத் தயங்காமல் கள என்று வாசிக்கும், ஏனெனில் கொம்புக்கால் பார்வைக்கு ளகரத்தைப் போலவே இருக்கிறது. எது எழுத்து, எது எழுத்தன்று என்று இரண்டு பிள்ளைகள் தமக்குள் வாதாடத் தொடங்கினால் ஆசிரியர் அடுத்த தரத்துக்குப் போய்விடலாம். யுனிகோடில் கொம்பைத் தனியே தட்டச்சு செய்தால் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வந்து ஒட்டிக்கொள்ளும். பாமினியில் கொம்பு தனி எழுத்தாகவே அச்சாகும். பழைய எழுத்துரு ஒன்று பயன்படும் அரிய இடம் இது. அச்சிட வழியில்லாதவருக்கு ஒரு பேனையும் பிஸ்கட் பெட்டி அட்டையும் போதும்.

தானாகவே வேலை செய்யத் தூண்டும் இத்தகைய அட்டைகள் பல்தரக் கற்பித்தலின் முதுகெலும்பு என்பதைப் பிற நாடுகள் முன்னரே கண்டுள்ளன. கொலம்பியாவின் கிராமப்புறங்களில் 1970களில் உருவான எஸ்குவேலா நுவேவா, அதாவது புதிய பள்ளி என்ற முறை, பிள்ளைகள் தத்தம் வேகத்தில் நகரும் கற்றல் வழிகாட்டிகளை மையமாகக் கொண்டது. ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளி தன் சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைத் தொகுதி, பின்னர் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குச் சென்று, தமிழகம் முழுவதும் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் பரவியது. பிள்ளை ஒவ்வொரு அட்டையாக முடித்து ஏணியில் ஏறுவது போல் முன்னேறும் இம்முறையின் பலவீனமும் கவனிக்க வேண்டியது: அட்டைகள் கிழிந்து தொலைந்தபோது ஏணியின் படிகளே காணாமற் போயின. கிழியாத, அல்லது கிழிந்தால் உடனே மீண்டும் செய்யக்கூடிய பொருளில் அட்டை இருக்க வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம்.

தோட்டம் தரும் சரக்கு

மலிவுச் சாதனம் என்றதும் நகரத்துக் கடையின் தள்ளுபடி விற்பனையை நினைப்பது ஒரு பழக்கம். இறப்பர்த் தோட்டத்துப் பாடசாலைக்குக் கடையை விட மரம் அருகில் இருக்கிறது. இறப்பர் மரத்தின் ஒவ்வொரு காம்பிலும் மூன்று சிற்றிலைகள். ஒவ்வொரு காயும் மூன்று அறை கொண்டது. முற்றி வெடிக்கும்போது ஓர் அறைக்கு ஒன்றாக மூன்று விதைகள் சடசடவெனத் தெறிக்கும். மூன்றாம் வாய்பாட்டைக் கற்பிக்க இதைவிடக் கச்சிதமான பொருளை எந்தக் கல்வி உபகரணக் கம்பனியும் தயாரித்ததில்லை. ஐந்து காயில் எத்தனை விதை என்ற கேள்விக்குப் பிள்ளை வாய்பாட்டை ஒப்பிக்க வேண்டியதில்லை, உடைத்து எண்ணலாம். பதினேழு விதை கையில் இருந்தால் எத்தனை காய், மீதி எத்தனை என்று திருப்பிக் கேட்டால் வகுத்தலும் மீதியும் வந்துவிடும். பளபளப்பான, கபிலப் புள்ளி தெளித்த இவ்விதைகள் விரலுக்கு வழுவழுப்பாகவும், சிறு கைக்குப் பிடிக்க ஏற்ற அளவாகவும் இருக்கின்றன. ஓர் எச்சரிக்கை: பச்சை விதையின் பருப்பில் சயனைட்டு நஞ்சை வெளிவிடும் சேர்மம் உண்டு, ஆகவே உடைந்த விதையை எடுத்துவிட வேண்டும், எதையும் வாயில் வைக்கும் பழக்கம் மாறாத பிள்ளைகளுக்கு இவற்றைக் கொடுக்கவே கூடாது. அதே காரணத்தால், எண்ணுவதற்குச் சிவப்பு மஞ்சாடியைத் தேடுவோர் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியை அறவே தவிர்க்க வேண்டும். அது கொடிய நஞ்சு.

பத்தின் கூட்டத்தைக் காட்ட ஈர்க்கு போதும். பத்து ஈர்க்கை ஓர் இறப்பர் வளையத்தால் கட்டினால் ஒரு பத்து, பத்துக் கட்டைச் சேர்த்தால் ஒரு நூறு. கழித்தலில் பத்தை உடைப்பது என்று புத்தகம் சொல்வது, இங்கே வளையத்தைக் கழற்றுவதாகக் கைக்குப் புரியும். பால் சேகரிக்கும் சிரட்டைகளில் பழையவற்றைத் தேய்த்துக் கழுவினால் பொருள்களை வகைப்படுத்தும் கிண்ணங்கள். யோகட் கோப்பைகளை அடியில் எண் எழுதிக் கவிழ்த்தால் எண்வரிசை. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் ஒரு சுவரொட்டி. உரம் ஏற்றி வந்த பைகளை வகுப்பறைக்குள் பாயாக விரிப்பதைப் பலர் சிக்கனமென்று எண்ணுகின்றனர். உரத்தின் மீதி ஒட்டியிருக்கும் பை சிறு பிள்ளைகள் உருளும் இடமன்று. அரிசிப் பை அந்த வேலைக்கு உகந்தது. அதிலேயே வரிசையாகப் பைகள் தைத்துச் சுவரில் தொங்கவிட்டால் சொல்லட்டைகளைச் செருகி வைக்கும் அட்டைப் பையும் ஆகும். இவ்வகை வேலைக்கு வழிகாட்டியாக, அரவிந்த் குப்தா என்ற இந்திய அறிவியல் கல்வியாளர் கழிவுப் பொருளில் பொம்மை செய்யும் முறைகளைப் படங்களாகவும் நூல்களாகவும் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். தமிழ் நூல்களும் அவற்றில் உண்டு. தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வுக் குழாய்த் துண்டுகளால் இணைத்து முக்கோணம், சதுரம், கனவுருவம் செய்யும் அவருடைய முறையைக் கைக்கொண்டால், முக்கோணம் ஏன் அசைவதில்லை, சதுரம் ஏன் சரிந்து விழுகிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். குச்சியின் மருந்து முனையை முன்கூட்டியே உரசித் தீர்த்துவிட வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

சப்ரகமுவவில் சாதனத்தின் பெரும் எதிரி ஈரம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. சுவரில் ஒட்டிய டிமைத் தாள் ஒரு தவணை முடிவதற்குள் பூஞ்சணம் பிடிக்கும், கோதுமை மாப் பசை கரப்பானை அழைத்து வரும். ஆகவே சுவரில் ஒட்டுவதை விடக் கயிற்றில் உடுப்புக் கிளிப்பால் தொங்கவிடுவதும், மாலையில் கழற்றி மூடியுள்ள பெட்டியில் வைப்பதும் மேல். உண்மையில் காசு கொடுத்து வாங்கத்தக்க பொருள் ஒன்று இருக்குமானால், அது கோப்புகளில் தாள் செருகும் ஒளிபுகும் பொலித்தீன் உறை. பயிற்சித் தாளை உறைக்குள் இட்டு, மேலே வெள்ளைப் பலகைப் பேனையால் எழுதித் துணியால் துடைத்துவிடலாம். 20 பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாளொன்றுக்கு இரண்டு தாள் என்றால் வாரத்துக்கு 200 தாள், 12 வாரத் தவணைக்கு 2,400. உறை முறையில் அதே வேலை வாரத்துக்குப் பத்துத் தாள் வீதம் 120 தாளோடு முடிகிறது, பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகத் தாளை மாற்றிக்கொண்டு செய்வதால் எல்லோருக்கும் எல்லாம் கிடைக்கிறது. தாள் தட்டுப்பாட்டால் 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட நாட்டில் இந்தக் கணக்கு அற்பமானதன்று. எனினும் கொப்பியில் எழுதும் வேலையை இது முழுவதும் விழுங்கிவிடக் கூடாது. துடைத்துவிட்ட எழுத்தைப் பெற்றோர் பார்க்க முடியாது.

வெள்ளமும் மண்சரிவும் பாடசாலையை மூடிவிடும் நாட்களையும் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. 2003 இலும் 2017 இலும் இரத்தினபுரி மூழ்கியதையும், 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததையும் இம்மாகாணம் மறக்கவில்லை. ஒரு பொலித்தீன் பையில் ஒரு கதைப் புத்தகப் பிரதி, எழுத்தட்டை, முப்பது விதை, ஒரு பென்சில் என்று பிள்ளைக்கு ஒரு பொதியை மழைக்காலத்துக்கு முன்னரே வீட்டுக்கு அனுப்பிவைத்தால், கைபேசி இல்லாத லயத்திலும் கற்றல் முற்றாக நின்றுபோகாது. இணையவழிக் கற்பித்தலை மட்டும் நம்பிய 2020, 2021 ஆம் ஆண்டுகளில், ஒரே கைபேசியோடு பெற்றோர் மலைக்கு வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் பிள்ளைகள் எதை இழந்தார்கள் என்பதைத் தோட்ட ஆசிரியர்கள் நன்கறிவர்.

யார் காசு

இவ்வளவும் சொன்ன பின்னர், சிக்கனத்தைப் புகழ்வதில் ஓர் ஆபத்து இருப்பதையும் சொல்லியாக வேண்டும். சிரட்டையையும் விதையையும் கொண்டு ஆசிரியர் எப்படியோ சமாளித்துக்கொள்வார் என்ற பாராட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதிருப்பதற்குச் சாக்காகிவிடுகிறது. பாடசாலைகளுக்குக் கற்பித்தல் பொருள்கள் வாங்குவதற்கென்றே 2000 ஆம் ஆண்டிலிருந்து தர உள்ளீடு என்ற பெயரில் நிதி ஒதுக்கும் நடைமுறை இலங்கையில் இருக்கிறது. அது அதிபரின் தனிக் கொடையன்று, பாடசாலையின் உரித்து. புதிய ஆசிரியர் முதல் தவணையிலேயே கேட்டறிய வேண்டியவை, இவ்வாண்டுக்கான தேவைப் பட்டியல் எப்போது தயாராகிறது, அதில் ஆரம்பப் பிரிவின் பங்கு என்ன, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தில் அது எப்போது பேசப்படும் என்பவை. பட்டியல் போன பின்னர் கேட்பவருக்கு அடுத்த ஆண்டுதான் விடை. பெற்றோரும் ஆசிரியரும் உறுப்பினராக உள்ள அச்சங்கத்தில் புதியவர்கள் வாய் திறப்பதில்லை என்பது பொதுவான குறை. பொலித்தீன் உறை நூறு, வெள்ளைப் பலகைப் பேனை ஒரு பெட்டி என்று அளவோடும் காரணத்தோடும் எழுதிக் கொடுத்தால் மறுப்பது எவருக்கும் எளிதன்று.

கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் உதவ வருவோரும் இதைக் கவனிக்கலாம். பெயர் பொறித்த புத்தகப் பையும் திறன்பலகையும் படமெடுக்க அழகானவை; மின்சாரம் அடிக்கடி துண்டிக்கப்படும் பாடசாலையில் திறன்பலகை விரைவில் ஒரு துணி போர்த்திய தளபாடமாகிவிடும். அதே பணத்தில் திறந்த உரிமம் பெற்ற நூறு கதைகளைத் தடித்த தாளில் அச்சிட்டுத் தைத்துக் கொடுத்தால், வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு புதிய புத்தகம் கிடைக்கும். எந்த வாசிப்பு மட்டத்தில் எத்தனை பிரதி வேண்டுமென்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்பது மட்டும் அவசியம்.

செய்த சாதனம் யாருடையது என்பதும் தீராத ஒரு பிரச்சினை. சொந்தக் காசில் வாங்கிச் செய்த அட்டைகளை இடமாற்றம் பெறும் ஆசிரியர் தன்னோடு கொண்டுபோவது நியாயமே. ஆனால் அவருக்குப் பின் வருபவர் மீண்டும் வெற்றுச் சுவரிலிருந்து தொடங்குகிறார், தோட்டப் பாடசாலைகளில் இது திரும்பத் திரும்ப நிகழ்கிறது. பாடசாலை நிதியில் செய்தவற்றை இருப்புப் பதிவேட்டில் ஏற்றினால் அவை பாடசாலையிலேயே தங்கும். அங்கும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது: பதிவேட்டில் ஏறிய பொருள் தொலைந்தால் கணக்காய்வில் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சத்தில் அட்டைகள் அலுமாரிக்குள் பூட்டப்பட்டு, வருட இறுதியில் புதுக் கருக்கு மாறாமல் எண்ணிக் காட்டப்படுகின்றன. எழுத்தட்டை, கதைப் பிரதி, பொலித்தீன் உறை ஆகியவற்றை வெண்கட்டியைப் போல நுகர்வுப் பொருள்களின் பட்டியலில் சேர்த்து, அவை தேய்வதற்கும் கிழிவதற்குமே வாங்கப்பட்டவை என்பதை அதிபரோடு முதல் நாளிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.